மச்சானோட காத்தாடியும் மாலாவோட ஊக்கும்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். காத்தாடி டியூப்ல இருந்த ஓட்டைய அடைக்கணும்.

காத்தாடின்னா பசங்க மைதானத்துல விடுறது இல்ல. கடல்ல பலகை மேல நிக்கிற ஆளையே இழுத்துக்கிட்டுப் போகுமே, அந்த ராட்சசக் காத்தாடி. அதோட முன் ஓரத்துல நீளமா ஒரு துணி உறை, அதுக்குள்ள ஒரு டியூப். அதுல காத்தடிச்சாதான் காத்தாடி விறைப்பா நிக்கும்.

அது என்னோடது இல்ல. என் மனைவி மாலாவோட தம்பி கதிரோடது. அவனுக்கு சிங்கப்பூர்ல வேலை, தங்குறது சின்ன ரூம்பு. அதனால ஜோகூர் பெக்கான் நானாஸ்ல எங்க வீட்டு ஸ்டோர்ல வச்சிட்டுப் போனான். போகும்போது ஒண்ணுதான் சொன்னான்.

"மாமா, இத மட்டும் தொட்டுறாதீங்க."

தொட்டேன்!

எனக்கு நீச்சலே தெரியாது. ஆனா நான் வேலை பாக்குற பேக்டரி வாட்சாப் குரூப்புக்கு அது தெரியாதே. காத்தடிச்சி, கறுப்புக் கண்ணாடி போட்டு, வீட்டுக்குப் பின்னால நின்னு ஒரு போட்டோ. பின்னால அன்னாசித் தோட்டம். காத்து ஒரு தள்ளு தள்ளுச்சி, காத்தாடி போய் அன்னாசி முள்ளு மேல உக்காந்துருச்சி. புஸ்ஸ்ஸ்!

கதிர் நேத்து சாயங்காலம் வர்றதா இருந்தான். லீவு எடுத்து வர்றதே இன்னைக்கு தேசாரு கடல்ல காத்தாடி விடத்தான். மாமியார் வீட்டுல எனக்கு விவரமான மாப்பிள்ளைன்னு ஒரு பேரு இருக்கு. மாட்டுனா அதுவும் போச்சு.

சிங்கப்பூர்லேருந்து வர்ற கோஸ்வே பாலத்துல ஜாம் ஆகணும்னு சாமி கும்பிட்ட முதல் ஜோகூர்க்காரன் நானாத்தான் இருப்பேன். உடனே மெசேஜ் வந்துச்சி. "மாமா, இன்னைக்கு ஜாமே இல்ல லா!"

அவசரமா டியூப்ப உருவி, ஹால்ல போட்டு, காத்தடிச்சேன். அது நீண்டு சோபாவத் தாண்டி அடுப்படி வாசலுக்கே போயிருச்சி.

மாலா எட்டிப் பாத்தா. "ஏங்க, ஹால்ல எதுக்கு மலப்பாம்பு வளக்குறீங்க?"

"பேசாத! சோப்புத் தண்ணி கொண்டா."

சோப்புத் தண்ணி தடவுனா ஓட்டை இருக்கிற இடத்துல குமிழி வரும். நான் பாத்திரம் கழுவுற சோப்ப பாதி பாட்டில் ஊத்திட்டேன். எங்க பாத்தாலும் குமிழி! பக்கத்து வீட்டு மலாய்க்காரரு பாக் சிக் ஹம்சா ஜன்னல் வழியா பாத்துட்டு, "அலமாக்! பாஞ்ஞாக் சாபுன் லா!"ன்னாரு. சோப்பு ரொம்ப அதிகமாம். அது எனக்கே தெரியுது.

துடைச்சி, திரும்பத் தடவி, கண்டுபிடிச்சி, ஒட்டும் போட்டுட்டேன். காத்து நின்னுச்சி! எனக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்.

இப்ப டியூப்ப உறைக்குள்ள திரும்ப விடணும். எப்படி?

உருவுறதுக்கு முன்னாலயே டியூப் நுனியில ஒரு கயிறு கட்டி விடணுமாம். ஒட்டுப் போட நான் பாத்த வீடியோவோட ஆரம்பத்துலயே சொல்றான். நான் எந்த வீடியோவையும் நடுவுலேருந்து பாக்குற ஆளு.

மாலா சிரிச்சா. "இதுக்கா இந்த முழி? பாவாடைக்கு நாடா கோக்குற மாதிரிதான். நாடா நுனியில ஊக்க மாட்டி உள்ள தள்ளுங்க. அந்தப் பக்கம் வந்ததும் ஊக்கக் கழட்டிட்டு, நாடாவுல டியூப்பக் கட்டி இழுங்க."

நாடா எதுக்கு நடுவுல? நேரம் மிச்சமாகட்டுமேன்னு ஊக்க நேரா டியூப் நுனியிலயே மாட்டிட்டேன்.

தள்ளுனேன். பாதி வழியில எங்கயோ சிக்குச்சி. உறையோட சேத்துப் புடிச்சி பலம் குடுத்து இழுத்தேன். டியூப் நுனி அந்தப் பக்கம் வந்துருச்சி, ஊக்கு வரல.

வாசல்ல கதிரோட காடி வந்து நிக்கிற சத்தம்.

"மாமா! காத்தாடிய எடுங்க, ஒரு தடவ காத்தடிச்சிப் பாத்துருவோம்!"

கதிர் பம்ப்ப அமுக்குனான். காத்தாடி மெதுவா எழுந்து நின்னுச்சி. எனக்கும் உயிர் வந்துச்சி. அப்புறம் அது பொறுமையா குனிஞ்சி, தரையில படுத்துக்கிச்சி. இந்தத் தடவ புஸ்ஸு சத்தம் நாலஞ்சு இடத்துலேருந்து!

உறையத் தடவிப் பாத்த கதிர், "ஆ!"ன்னு கைய உதறுனான். உள்ள கைய விட்டு, வாயப் பொளந்து கெடந்த ஊக்க வெளிய எடுத்தான்.

"மாமா, இது என்ன?"

நான் கூசாம சொன்னேன். "உங்க அக்காவோடது மாதிரி இருக்கே."

"ஆமாடா, என்னோடதுதான்," மாலா சொன்னா. "அத உள்ள விட்டது யாருன்னு கேளு."

கதிர் என்னைத் திட்டவே இல்ல. திட்டியிருந்தாக்கூட பரவால்ல. போன எடுத்து, ஸ்பீக்கர்ல போட்டு, அவங்க அம்மாகிட்ட ஒண்ணுவிடாம சொன்னான்.

மாமியார் முழுசா கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் ரொம்ப மரியாதையா சொன்னாங்க.

"அடுத்தது எலாஸ்டிக் வச்ச காத்தாடியா வாங்குப்பா. மாப்பிள்ளைக்கு நாடா ஒத்துவராது."