அடுப்படிக் கடற்கரை

பிரான்சின் சாரந்த்-மரிதீம் மாவட்டத்தில் கடலும் ஓர் அரசு ஊழியர் மாதிரிதான். தினமும் இரண்டு வேளை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். சில சமயம் நீண்ட விடுப்பும் எடுத்துக்கொள்ளும். சேன்-லோரியே என்ற ஊரிலிருந்து நானூறு வருஷங்களுக்கு முன் அப்படி விடுப்பில் போன கடல், சேற்றைப் பொறுப்பில் வைத்துவிட்டு மேற்கே வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. கப்பல் கட்டிய இரும்பு வளையங்களில் இப்போது பசு கட்டுகிறார்கள்.

மேயர் ரெய்மோன் பப்பேனுக்கு இது தீராத அவமானம். மாவட்டமே ஒரு காலத்தில் 'கீழ்ச் சாரந்த்' என்று இருந்தது. 'கீழ்' என்பது மரியாதையாக இல்லை என்று, 'மரிதீம்', அதாவது 'கடல்சார்ந்த', என்று பெயரில் கடலைச் சேர்த்துக்கொண்டார்கள். மாவட்டத்துக்குக் கிடைத்த கடலில் தன் ஊருக்கும் கொஞ்சம் ஒதுக்கக் கூடாதா என்று வருஷம் தவறாமல் மனுப் போட்டார். "பரிசீலிக்கப்பட்டது. கடல் இல்லை" என்று வருஷம் தவறாமல் பதில் வந்தது.

அந்த மார்ச் மாதப் பெரும் கடலேற்றத்தின்போது, கடல் கால்வாயின் மதகுக் காவல்காரர் மதகை மூடாமல் மதியச் சாப்பாட்டுக்குப் போனார். பிரான்சில் மதியச் சாப்பாட்டைக் கடலுக்காக நிறுத்த முடியாது. தண்ணீர் கால்வாய் வழியே ஏறி, ஊர்க்கோடியிலிருந்த கிஸ்லேன் கெரினோவின் சமையலறைக்குள் நுழைந்து, அடுப்பின் காலைத் தொட்டு, ஒரு நண்டை விட்டுவிட்டுத் திரும்பியது. கிஸ்லேன் தரையைத் துடைத்தாள். நண்டைச் சமைத்தாள். அதோடு அவள் வரையில் விஷயம் முடிந்தது.

மேயர் வரையில் அப்போதுதான் ஆரம்பித்தது. அவர் எழுதிப் போட, மறுவாரமே அரசின் கடலோரப் பிரிவிலிருந்து அதிகாரி முசியே தெல்மா, அளவுகோலும் மெழுகுத் துணிப் பையுமாக வந்து இறங்கினார்.

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு, மதாம்?"

"இதோ, இந்த அடுப்புக் கால் வரைக்கும்."

"அன்னிக்குப் புயல் உண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. புயல்ல வந்த கடல் செல்லாது. தானா வந்த கடல்தான் செல்லும்."

கிஸ்லேன் யோசித்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "கொடியில துணி காயப் போட்டிருந்தேன். ஒரு கைக்குட்டைகூடப் பறக்கல."

முசியே தெல்மா தொப்பியைக் கழற்றினார். "மார்ச் மாத ஏற்றம் தொடுற இடம்வரைக்கும் கடற்கரை. மன்னர் காலத்துச் சட்டம். இந்தச் சமையலறை இனி பொதுக் கடற்கரை, மதாம். வாழ்த்துகள்."

"அப்ப என் அடுப்பு?"

"கடற்கரையில அனுமதியில்லாம போட்ட கட்டுமானம்."

அடுப்புக் காலுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை ஆணி அடிக்கப்பட்டது. சேன்-லோரியே கடலோர ஊரானது. மேயர் நகராட்சி வாசலில் கண்ணீர் மல்க ஒரு படகை வரவழைத்து வைத்தார்.

பொதுக் கடற்கரையில் யாரும் நடக்கலாம். நடந்தார்கள். யாரும் சிப்பி பொறுக்கலாம். வாளியோடு வந்த ஒருவர் அவளுடைய கொதிக்கிற பானைக்குள் கரண்டியை விட்டு, எடுத்த சிப்பியை விதிப்படி அளந்து பார்த்தார்.

"சின்னது. இதைப் பிடிக்கக் கூடாது. திரும்ப விட்டுடறேன்" என்று கொதிநீரிலேயே விட்டார்.

ஜூலையில் பாரிஸ்காரர்கள் வந்தார்கள். மணல் இல்லாத கடற்கரைதான் அந்த வருஷத்து நாகரிகம் என்று எவரோ சொல்லிவிட்டார்களாம். கோடு போட்ட பனியனோடு சாப்பாட்டு மேஜைக்கடியில் துண்டை விரித்துப் படுத்தார்கள்.

"என்ன அமைதி! பணக்காரங்க போற ரே தீவுலகூட இந்த மாதிரி இடம் கிடைக்குமா?"

"கொஞ்சம் காலை நகர்த்துங்க, மதாம். வெங்காயம் எடுக்கணும்."

"இந்த ஊர்க்காரங்க இப்படித்தான். கடலைத் தங்களுக்குன்னு நினைச்சுக்குவாங்க."

உயிர்காப்பாளர் ஒருவரையும் நியமித்தார்கள். கிஸ்லேன் பாத்திரம் கழுவும்போது அவர் சிவப்புக் கொடி ஏற்றுவார்.

அவள் மேயரிடம் போனாள். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். "ரெய்மோன், என் சமையலறையைத் திருப்பிக் குடு. நின்னு ஒரு முட்டை பொரிக்க முடியல."

"ஊருக்காக ஒரு முட்டையைத் தியாகம் பண்ண மாட்டியா, கிஸ்லேன்? வேணும்னா தெல்மாகிட்ட கேளு."

தெல்மா பொறுமையாக விளக்கினார். "கடல் வர்ற இடம் அரசாங்கத்துது, மதாம்."

"இனிமே வராது. மதகை மூடியாச்சு."

"அப்ப அது கடல் விட்டுப் போன நிலம். அதுவும் அரசாங்கத்துதுதான்."

கிஸ்லேன் வீட்டுக்குப் போய், மேஜைக்கடியில் இருந்தவர்களைத் தாண்டி உட்கார்ந்து, இதை நேர்மையாக யோசித்தாள். மறுநாள் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"எனக்குப் படிப்பு கம்மி. ஒரு சந்தேகம். கடல் விட்டுப் போன நிலம் அரசாங்கத்துதுன்னா, இந்த ஊரையே கடல் விட்டுத்தானே போச்சு? ரெய்மோன் வீடு?"

மேயர் சிரித்தார். தெல்மா சிரிக்கவில்லை. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஒரு சிப்பி, கல்லாகிப் போன சிப்பி, எட்டிப் பார்த்தது. அடுத்த ஊர்ச் சுவரிலும் இருந்தது. மேட்டிலிருந்த தேவாலயத்திலும் இருந்தது. கடைசியில் அவருடைய அலுவலகத்தின் கழிவறைச் சுவரிலும் இருந்தது. கடல் எப்போது விட்டுப் போனது என்பதற்குச் சட்டத்தில் காலவரம்பு ஏதும் இல்லாத காரணத்தால், இலையுதிர் காலத்துக்குள் மாவட்டம் முழுவதும் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்த அன்றிரவே பாரிஸ்காரர்கள் கிஸ்லேனின் மேஜைக்கடியைக் காலி செய்தார்கள். மேயரின் படுக்கையறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறதாம். உயிர்காப்பாளரும் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனார். காலையில் கிஸ்லேன் தன் அடுப்பைத் தனியாகப் பார்த்தாள். முட்டை பொரிக்கலாம். தடுக்க யாரும் இல்லை.

ஆனால் மேயர் மனைவி வைக்கிற விலாங்கு மீன் குழம்பு ஞாபகம் வந்தது. இத்தனை மாதம் ஊரே தன் பானையில் கைவிட்டதும் ஞாபகம் வந்தது. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மேயர் வீட்டுச் சமையலறையில் நிற்க இடமில்லை. மதகுக் காவல்காரர், பாதிரியார், ரொட்டிக் கடைக்காரர், பின்னால் முசியே தெல்மா, எல்லோர் கையிலும் வாளி. மேயரும் மனைவியும் மட்டும் இல்லை. அவர்கள் ரொட்டிக் கடைக்குப் போயிருந்தார்கள், வாளியோடு. ரொட்டிக் கடையில் அன்று ரொட்டி சுடவில்லை. அண்டை ஊரிலும் அப்படித்தானாம். மாவட்டத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்ட ஆள் இல்லை.

குளிர்ந்து கிடந்த பானைக்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். யாரும் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. போனால் இடம் போய்விடும்.

தெல்மாதான் மெதுவாகக் கேட்டார். "மதாம், உங்க அடுப்பு எரியுதா?"

"எரியல, முசியே" என்றாள் கிஸ்லேன், வரிசையில் ஓர் அடி முன்னே நகர்ந்தபடி. "அனுமதியில்லாத கட்டுமானம்னு நீங்கதானே சொன்னீங்க."