ஸ்கேன் அறையில் நான் பார்த்த பூஜ்ஜியம்

யாழினி, கவின், அரைகுறையாகத் தெரிந்தவன் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். அதற்கு அப்பாவை விட்டால் தகுதியான ஆள் கிடையாது.

அப்போது எனக்குக் கட்டடங்களின் குழாய்களில் தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் வேலை. குழாயை அறுக்க வேண்டாம். வெளியே கருவியைக் கட்டி ஒலியை உள்ளே அனுப்பினால், தண்ணீரோடு ஓடும் குமிழியிலும் தூசியிலும் பட்டுத் திரும்பும். திரும்பும் ஒலியின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறதோ அதை வைத்து வேகம் சொல்லலாம். மாறவே இல்லையென்றால் பூஜ்ஜியம். (என் மொத்தப் படிப்பும் இவ்வளவுதான்.)

யாழினி, நீ அப்போது வயிற்றில் இருந்தாய். உனக்கு முன்னால் ஒரு பிள்ளையை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே பறிகொடுத்திருந்தோம். அதனால் இந்த முறை தொப்புள்கொடியில் இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொன்னார் டாக்டர். அங்கேயும் இதே வித்தைதான். குமிழிக்குப் பதில் இரத்த அணுக்கள்.

"நம்ம லைன்தான், பயப்படாத," என்று உங்கள் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண் அம்மாவின் வயிற்றில் ஜெல்லைத் தடவினார். திரையின் மூலையில் பூஜ்ஜியம். சத்தமும் இல்லை.

"ஐயோ, ஓட்டமே இல்ல!" என்று கத்தினேன்.

அம்மா அழ ஆரம்பித்தாள். நான் அதோடு விட்டேனா? வெளியே ஓடி, தேக்கா சந்தையில் பூக்கடை வைத்திருக்கும் உங்கள் மாமாவுக்குப் போன் போட்டேன். "மச்சான், எல்லாம் போச்சு."

திரும்பி வந்தால் அந்தப் பெண் முறைத்தார். "அண்ணே, நான் இன்னும் ஓட்டத்த அளக்கிற டாப்ளர் பட்டனையே அமுக்கல லா! உக்காருங்க."

அமுக்கினார். உஸ்... உஸ்... உன் இரத்தம் ஓடும் சத்தம்.

மாமாவுக்கு மறுபடி போன் அடித்தேன். எடுக்கவில்லை. (அழுகிறவன் எப்படி எடுப்பான்?) நாங்கள் வெளியே வந்தபோது பக்கத்துக் கடைக்காரர்களோடு மாமா டாக்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கையில் யாருடைய கல்யாணத்துக்கோ பாதி கட்டிய மாலை. விஷயத்தைக் கேட்டு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "மாப்ள, நீங்க எந்தக் குழாயப் பாத்தீங்க?"

இன்றும் வீட்டில் குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால், "மாப்ளயக் கூப்பிடாதீங்க, போன் போட்டு எல்லாரையும் அழ வச்சிருவாரு," என்பார்.

வீடு திரும்பும்வரை அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பயம் எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேங்க."

அவள் தூங்கிய பிறகு, வெடிகுண்டுக்கு ஒளிய வீட்டோடு கட்டிக் கொடுத்து, நாங்கள் பழைய சாமான் போட்டு வைக்கும் பாம் ஷெல்டருக்குள் போனேன். முதல் பிள்ளைக்கு வாங்கி, பிரிக்காமலே உள்ளே தள்ளியிருந்த தொட்டில் பெட்டியை இழுத்து, அதன் டேப்பைச் சத்தமில்லாமல் உரித்தேன்.