அமரரும் கிங்ஸ்டன் துறைமுகமும்

ஊர் அறிமுகக்காரர் என்றொரு இனம் உண்டு. ஆளைப் பற்றிக் கேட்டால் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். சுகமா என்று விசாரித்தால் சுகாதாரத் துறையின் வளர்ச்சியை விளக்குவார்கள். இந்த 1977இல் சிட்னித் தமிழரை ஒரே மண்டபத்தில் அடக்கிவிடலாம். அதற்குள்ளும் இவர்களுக்குப் பஞ்சமில்லை.

கமலினிக்கு வாய்த்த ஊர் அறிமுகக்காரர் சச்சிதானந்தன். அவளுடைய அப்பா வரதராஜா கலியாணத்துக்கு முன் இரண்டு வருடம் ஜமேக்காவில், கிங்ஸ்டன் துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்தவர். அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லை. அங்கே அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர் சச்சிதானந்தன். அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, சிட்னி ஹோம்புஷில் தன் வீட்டுக்கு அவரை அழைத்ததே அதற்காகத்தான். இளவயது அப்பா எப்படி இருந்தார் என்று சொல்ல வேறு ஆள் உயிரோடு இல்லை.

"அங்கிள், அப்பாவைப் பற்றி ரெண்டு வார்த்தை."

எழுந்தார். மாலை போட்ட படத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அமரர் கிங்ஸ்டனில வேலை செய்தவர். அவரை விளங்குறதெண்டால் முதல் கிங்ஸ்டனை விளங்க வேணும்."

விளக்கினார். போர்ட் றோயல் என்ற பழைய துறைமுகத்தைப் பூகம்பம் விழுங்கியது, தப்பியவர்கள் எதிர்க்கரையில் கிங்ஸ்டனைக் கட்டியது, கடற்கொள்ளையர் போய்ச் சீனி வந்தது, சீனி இளைத்துப் பொக்சைட் தாது கொழுத்தது, பனாமாக் கால்வாய்க்குப் போகிற கப்பலெல்லாம் இனி அங்கேதான் ஒதுங்கப்போகிறது என்று, குசினியில் சோறு ஆறி, கறி ஆறி, படையல் வடையும் விறைத்துப்போகும்வரை விளக்கினார். அமரர் எங்கே? போர்ட் றோயலோடு மூழ்கிவிட்டார்.

"பத்து வருசம் பொறுங்கோ. சிங்கப்பூர் அங்க போய்ப் படிக்கும்!"

"ஐசே, காணி வாங்கலாமோ?" என்றார் பக்கத்தில் இருந்த கணேசலிங்கம். இந்த இனம் தனியாக வாழ்வதில்லை. கேள்வி கேட்க ஒரு துணைப் பிராணி எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

சாப்பாடு முடிந்து சச்சிதானந்தன் புறப்பட்டபோது கமலினி வாசலில் மறித்தாள். அவளும் எஞ்சினியர். கேள்வியைச் சுருக்கத் தெரியும்.

"அங்கிள், அப்பா அங்க பின்னேரத்தில என்ன செய்யிறவர்?"

"பின்னேரமோ? அப்பதான் பிள்ளை, காத்துத் திசை மாறும். கப்பலுகள்..."

"கப்பல் வேண்டாம். அப்பா."

சச்சிதானந்தன் தன் சப்பாத்தைத் தேடினார். சரக்கில்லாத கேள்வி.

"பாடுவார்," என்றார் கடைசியில். "ஜன்னல்ல ஏறியிருந்து, பெரிய சத்தமா. எனக்குச் சரியான கரைச்சல். துறைமுக அறிக்கை எழுத வேணுமெல்லோ? கதவைச் சாத்திப்போடுவன்."

"என்ன பாட்டு?"

"ஆர் கேட்டது?" என்றவர், சப்பாத்தை மாட்டிக்கொண்டே, அது உலகத்தின் ஏழாவது பெரிய இயற்கைத் துறைமுகம் என்று தெரிவித்துவிட்டுப் போனார்.

அப்பா பாடி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே மனிதர் கதவைச் சாத்தியிருந்தார்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது. நாளைக்கு யாராவது உங்கள் அம்மாவைப் பற்றி விசாரிக்கட்டும். முதல் வசனத்தில் அம்மா இருப்பார். இரண்டாவதில் ஆஸ்பத்திரி வந்துவிடும். மூன்றாவதில், அந்த ஆஸ்பத்திரியில் கார் நிறுத்துகிற சிரமத்தைப் பற்றி நீங்கள் மிகவும் சுவையாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.