பக்கத்து வீட்டு விளக்கு

பிப்ரவரி 9. இன்று ஒரு சிறு தவறு. எங்கள் தெருவில் காலி வீடுகள் நான்கு என்று மாலை வகுப்பில் சொன்னேன். ஐந்து. பக்கத்து வீட்டை விட்டுவிட்டேன். அதன் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குவதால் அது காலி என்று தோன்றவே இல்லை.

'தோன்றவே இல்லை' சரிதானா, 'தோன்றவில்லை' போதுமா என்று அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு டைரியையும் பேனாவையும் மூடிவிட்டு நிஜமாகவே கவலைப்பட ஆரம்பித்தான்.

தெருவில் மொத்தம் எட்டு வீடுகள். நகரமைப்பு வகுப்பில் வாத்தியார் அன்றுதான் அந்த விதியைச் சொல்லியிருந்தார். பாதிக்கு மேல் வீடுகள் ஆளில்லாமல் பாழாய்க் கிடந்தால், அந்தத் தெருவைக் கிடங்குப் பகுதியாக மாற்றிவிடுவார்கள். இருக்கிறவர்களும் காலி செய்ய வேண்டியதுதான். ஆய்வாளர் இந்த மாதமே வந்து காலி வீடுகளின் தூணில் குறி போடப்போகிறார்.

அப்பா காலி செய்ய மாட்டார். அம்மா இறந்துபோய் ஒரு வருஷமாகியும் அவளுடைய செருப்பை வாசலிலிருந்து எடுக்க விடாதவர்.

"ஒரே ஒரு வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி காட்டினா போதும்ப்பா. காலி நாலு, குடி நாலு. தெரு தப்பிச்சுடும்."

"ஆள் இருக்கிற மாதிரின்னா?"

"ஜன்னல்ல திரை, கொடியில துணி. அவ்வளவுதான்."

"நம்ம வீட்டுலயே அவ்வளவுதான்டா இருக்கு."

கூடத்துத் திரைச்சீலையைக் கழற்றிப் பக்கத்து வீட்டு ஜன்னலில் மாட்டினான். அந்த ஜன்னலில் கண்ணாடி இல்லை. திரை காற்றில் வெளியே வந்து நாள் முழுக்கத் தெருவைப் பார்த்து ஆடியது.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா அவனைக் கூப்பிட்டார். "தம்பி, இதுவரைக்கும் அது பாழடைஞ்ச வீடா இருந்துச்சு. இப்போ பேய் வீடு."

தன் வீட்டு ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி அங்கே பொருத்தினான். இங்கே அட்டையை வைத்து அடைத்தான்.

"வெளியே மழையா வெயிலான்னு இனிமே யாரைக் கேக்கறது?" என்றார் அப்பா.

கொடியில் அப்பாவின் சட்டையைத் தொங்கவிட்டான். வரைபடக் கடையில் பகல் முழுக்க வேலை, சாயந்திரம் வகுப்பு; சட்டையை எடுக்க மறந்துபோனான்.

"ஒரே சட்டை ஒரு வாரமா தொங்குது," என்றார் தையல்காரம்மா. "உள்ளே இருக்கிறவருக்கு என்ன ஆச்சோன்னு பேப்பர் போடறவர் பதறுறார். போலீசுக்குச் சொல்லலாமாங்கறார்."

ஆகவே துணிப் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. காலையில் போட வேண்டும், சாயந்திரம் எடுக்க வேண்டும்.

"துவைக்கணுமா?"

"நனைச்சா போதும்ப்பா."

அடுத்து களை. பக்கத்து வீட்டில் இடுப்புயரம் வளர்ந்திருந்ததைப் பிடுங்கினான். இந்தத் தெருவுக்குள் குப்பை வண்டி வருவதை நிறுத்தி நாளாகியிருந்தது. குவியலை வேறு வழியில்லாமல் தன் வீட்டு வாசலிலேயே போட்டான். களை போனதும் பக்கத்து வீட்டுக்குக் கேட் இல்லாதது பளிச்சென்று தெரிந்தது. தன் வீட்டு கேட்டைக் கழற்றிக்கொண்டு போனான்.

மின்சாரமும் அங்கே இல்லை. சுவருக்கு மேலாக வயர் இழுத்தான். இரண்டு வீட்டிலும் விளக்குப் போட்டதும் ஃபியூஸ் போயிற்று.

"அப்போ எந்த வீட்டுல எரியணும்?"

"ஆய்வாளர் வர்ற வரைக்கும் அந்த வீட்டுலதான்ப்பா."

"நான் இருட்டுல உக்காந்திருக்கேன். ஆளில்லாத வீட்டுல விளக்கு எரியுது. நல்லா படிக்கறேடா."

"நீங்களும் அங்கேயே போய் உக்காருங்களேன். நடமாட்டம் தெரியும். யாராவது கேட்டா, இங்கேதான் குடியிருக்கேன்னு சொல்லிடுங்க."

அப்பா நாற்காலியையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போனார். ஒற்றை ஜோடிச் செருப்பு கிடந்தால் குடும்பம் போலத் தெரியாதே என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவின் செருப்பை எடுத்துப் போய் அப்பாவுடையதற்குப் பக்கத்தில் வைத்தான்.

அதற்கு மட்டும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஆய்வாளர் வந்தபோது அவன் வகுப்பில் இருந்தான். திரும்பி வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தான். பக்கத்து வீட்டுத் தூணில் ஒரு குறியும் இல்லை. சிரிப்பே வந்துவிட்டது. நாலடி தள்ளி, களைக் குவியலுக்குப் பின்னால், கேட் இல்லாத தன் வீட்டுத் தூணில் சிவப்புச் சாயம் இன்னும் காயாமல் இருந்தது. 'காலி'.

மறுபடியும் ஐந்து.

பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தான். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"அவர்கிட்ட என்னப்பா சொன்னீங்க?"

"நீ சொல்லச் சொன்னதைத்தான். இங்கேதான் குடியிருக்கேன்னேன். நல்ல மனுஷன். தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனார்."

"நம்ம வீட்டைப் பத்திக் கேக்கலையா?"

"கேட்டார். பக்கத்துல யாருன்னார்."

"நீங்க?"

அப்பா வாசலில் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்புகளைப் பார்த்தார்.

"நீ எனக்கு ஒரு பொய்தான்டா சொல்லிக் கொடுத்தே. அதனால இதுக்கு உண்மையைச் சொன்னேன். அங்கே ஒரு அம்மா இருந்தா, அவ போனதுக்கப்புறம் அங்கே யாருமே இல்லைன்னு."

பிப்ரவரி 27. நாளை வகுப்புக்கு லீவு. செருப்பை முதலில் கொண்டுவர வேண்டும், கேட் பிறகு. இருட்டுவதற்குள் எங்கள் வீட்டில் விளக்குப் போட்டு அப்பாவோடு உட்கார வேண்டும்.