கிராம் கட்டிய வண்டி

எடையை அவரைப் போல் வெறுத்த மனிதர் இந்த பூமியில் வேறு யாரும் இருக்க முடியாது. நான் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரில் படித்தபோது, எங்கள் மாணவர் குழுவின் வண்டிக்கு உடல் வடிவமைத்தவர் அவர். மதுரைக்காரர். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் 'கிராம்' என்பதே நிலைத்துவிட்டது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்று பார்க்கும் பந்தயம். அதற்காக ஒரே ஒரு ஆள் படுத்து ஓட்டும் வண்டி. பெயின்ட்டே கூடாது என்றார் கிராம். அதற்கும் எடை உண்டாம். திருகாணிகளின் தலையை அரத்தால் ராவினார். உதவி செய்த பேக்கரியின் ஸ்டிக்கரைப் பாதியாக வெட்டி ஒட்டினார். பேக்கரிக்காரர் அதோடு எங்களுக்கு ரொட்டி அனுப்புவதை நிறுத்தினார்.

வண்டியோட்டி நிலானி. கொலோனில் பிறந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். எங்களில் அவள்தான் ஒல்லி என்பதே அவளுடைய தகுதி. முடியை வெட்டிக்கொள்ள முடியுமா என்று கிராம் அவளிடமே போய்க் கேட்டார்.

"ஏலாது அண்ணை. வேணுமெண்டா நீங்களே ஏறி ஓடுங்கோ."

தொண்ணூறு கிலோ கிராம் திரும்பி வந்து மறுபடி அரத்தை எடுத்தார்.

பின்சக்கரத்தைத் தாங்கும் பட்டையையும் விடவில்லை. இழைத்து இழைத்து மெலிதாக்கினார். எடை குறைந்தது. ஆனால் நிலானி ஏறியதும் பட்டை வளைந்து, சக்கரம் கோணலாகித் தரையைத் தேய்த்தது. எங்கள் போன வருடத்துக் கனமான வண்டியே இதைவிடக் குறைவாகத்தான் பெட்ரோல் குடித்தது. தடித்த பட்டையே போட்டுவிடலாம் என்று கெஞ்சினோம். இன்னொரு ஓட்டம் பார்த்துவிடலாம் என்றார்.

அந்த ஓட்டத்தில், ஒரு வளைவில், பட்டை முறிந்தது. வண்டி கவிழ்ந்து உருண்டது. எங்கள் உழைப்பெல்லாம் அப்பளமாக நொறுங்கிச் சிதறியது. கிராம் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

நிலானி தானே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளைச் சுற்றியிருந்த கூட்டில் மட்டும் ஒரு விரிசல்கூட இல்லை. குனிந்து பார்த்தோம். அந்த இடத்தில், வண்டியின் உடலுக்குப் போட்டிருந்த கார்பன் துணி மற்ற இடங்களைப் போல இரண்டு மடங்கு தடிப்பாக இருந்தது. கிராம் இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அங்க மட்டும் குறைக்க மனசு வரலை," என்றார் தரையைப் பார்த்தபடி. "அதை ஈடுகட்டத்தான் மத்த இடத்துல எல்லாம் சுரண்டினேன். கடைசியில பட்டைய உடைச்சதும் நான்தான்."

அந்த வருடம் நாங்கள் பந்தயத்துக்குப் போகவில்லை. குழுவும் கலைந்தது. கிராம் தன்னை மன்னிக்காமலே வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். யாருடைய போனையும் எடுப்பதில்லை.

சென்ற மாதம் நிலானி தன் குழந்தைக்குக் கார் சீட் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். எதை வாங்குவது என்று தெரியாமல் அங்கிருந்தே அவரைத்தான் அழைத்திருக்கிறாள். முதல் மணியிலேயே எடுத்தாராம்.