வெண்ணெய் போடாத கேக்கும் மூச்சு விட முடியாத கவுனும்

ஜிப் பாதி முதுகு வரை ஏறியது. அதற்கு மேல் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது.

"மூச்சை இழும்மா," என்றார் டெய்லர்.

"இழுத்துட்டுத்தான் அண்ணே நிக்கறேன். விட்டா கிழிஞ்சிடும்," என்றாள் கல்யாணப்பொண்ணு.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டே நாள். கவுனுக்கான வெள்ளைத் துணி ஒரு சாண்கூட மிச்சமில்லை, தேடியும் கிடைக்கவில்லை. மறுபடி அளந்து பார்க்கலாம்தான். ஆனால் "நான் ஒரு தடவை டேப் போட்டா போட்டதுதான், ரெண்டாந்தடவை அளக்கிற பேச்சே கிடையாது" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மனுஷன். இப்போது எந்த முகத்தோடு டேப்பை எடுப்பார்?

"அப்படி என்னம்மா சாப்பிடறே?"

"வேலை பார்க்கறதே கேக் கடையில. ஓரம் வெட்டினது, உடைஞ்சது, க்ரீம் வழிஞ்சதுன்னு எல்லாம் என் வாய்க்குத்தான் வருது."

டெய்லர் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றே இடுப்பின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து அரை அங்குலம் விட்டார். கழுத்தில் மணி கோக்கும் வேலை பாக்கி இருந்ததால் வழக்கம்போல் கவுன் வீட்டுக்குப் போனது. கைவேலை எல்லாம் அவர் மனைவியுடையது.

"அந்தப் பொண்ணு கேக்கை விடாது. நீதான் ஏதாவது பண்ணணும்," என்று புலம்பினார்.

மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வெண்ணெய்க்குப் பதிலா மசிச்ச ஆப்பிள். சர்க்கரைக்குப் பதிலா பேரீச்சம்பழம். மைதாவே வேண்டாம், ஓட்ஸ் மாவு. இதைத் தின்னு அவ மெலியலைன்னா நான் அடுப்படிப் பக்கமே போகலை."

மறுநாள் டெய்லர் கொண்டுபோன கேக்கில் கல்யாணப்பொண்ணு ஒரு துண்டு தின்றாள். கண்ணை மூடினாள். "எங்க கடை கேக்கெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும் அண்ணே! நாளைக்கும் உண்டா?"

தினமும் ஒரு டப்பா போயிற்று. ஐந்தாம் நாள் கவுனைப் போட்டுப் பார்த்தார்கள். ஜிப் இடுப்பைத் தாண்டவே இல்லை.

டெய்லர் கத்தரியை எடுத்தார். பக்கத் தையலில் மிச்சமிருந்த துணியையும் விட்டார். கவுனோடு வீட்டுக்கு வந்து மெதுவாக ஆரம்பித்தார்.

"ருசிக்காகக் கொஞ்சூண்டு வெண்ணெய் கிண்ணெய் போட்டியா? உண்மையைச் சொல்லு."

"என் கேக்கையா சந்தேகப்படறீங்க?" மனைவி கரண்டியோடு திரும்பினாள். "ஒரு சொட்டு கிடையாது!"

ரோஷத்தில் அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். க்ரீமுக்குப் பதிலாகத் தண்ணீர் வடித்த தயிர். வெளியே வந்த கேக் அவ்வளவு லேசு. ஃபேனைப் போட்டால் பறந்துவிடுமோ என்று டெய்லர் பயந்தே போனார். கவலையில் அவரே அதில் பாதியைத் தின்றுவிட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கடைசியாகப் போட்டுப் பார்த்தார்கள். கவுன் தோளோடு மாட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அதைக் கழற்றி எடுப்பதற்குள் டெய்லருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சத்தியமா அண்ணே, ஒரு வாரமா உங்க கேக்கும் தண்ணியும்தான்! கடையில விரல்ல ஒட்டின க்ரீமைக்கூட நக்கலை. நடந்தா தலை சுத்துது. கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லட்டுமா? மாப்பிள்ளை என்ன நினைப்பாரு?"

ஒரு பெண்ணின் கல்யாணம் தன் கையால் நிற்கப்போகிறதே என்று டெய்லருக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மானமாவது மண்ணாவது! கடைக் கதவைச் சாத்திவிட்டு, திருடனைப் போலச் சுற்றும்முற்றும் பார்த்து, டேப்பை எடுத்து அவள் இடுப்பை அளந்தார். நோட்டைப் புரட்டினார். மறுபடி அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதினார். டேப்பையே ஸ்கேலில் வைத்துச் சரிபார்த்தார்.

"எவ்வளவு ஏறியிருக்கு அண்ணே? பரவாயில்ல, சொல்லுங்க. தாங்கிக்கறேன்."

"ஏறலைம்மா. ஒன்றரை அங்குலம் குறைஞ்சிருக்கு."

இருவரும் மேஜைமேல் கிடந்த கவுனைப் பார்த்தார்கள்.

"அப்ப கவுன் எப்படி அண்ணே சின்னதாச்சு?"

டெய்லர் கவுனைத் தன் பக்கம் இழுத்தார். அந்த நேரம் பார்த்து மனைவி கேக் டப்பாவோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் கையில் டேப்பையும் நோட்டில் புது அளவையும் பார்த்ததும் பூரித்துப்போனாள்.

"பார்த்தீங்களா, மெலிஞ்சிருக்கா! எனக்குத் தெரியும், என் கேக் பொய் சொல்லாது. அதான் ஒவ்வொரு தடவை மணி கோக்கறப்பவும் முதுகுப் பக்கம் ஒரு அங்குலம் உள்ளே பிடிச்சுத் தைச்சுக்கிட்டே வந்தேன்."