சார்ஜ் போட வேண்டிய வாழ்த்து மடல்

வாழ்த்து மடல் பாதியில் அணைந்துவிட்டது.

"கடமையில் கண்ணும் கருத்துமாய் இருந்து" என்பது வரை மேலாளர் கணீரென்று வாசித்தார். அதற்குள் அவர் கையிலிருந்த டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது. கண்ணும் கருத்துமாய் இருந்து ஹெட்கிளார்க் என்னதான் சாதித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள், டீ ஆறிக்கொண்டிருந்தது.

அன்றோடு ஓய்வுபெறும் ஹெட்கிளார்க், பூச்செண்டும் கையுமாக மேலாளரின் அறைக்குப் போனார்.

"சார், அந்த மடலை ஒரே ஒரு பேப்பர்ல அடிச்சுக் கொடுத்தீங்கன்னா, ஃப்ரேம் போட்டு மாட்டிப்பேன்."

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் மேலாளர் துடித்துப்போனார். "பேப்பரா? காகிதமே இல்லாத ஆபீஸ்னு போன மாசம்தான் விருது வாங்கினோம். பிரின்டரை எடைக்குப் போட்டாச்சு. உங்க செல்லுக்கு அனுப்பறேன்."

"என்னுது பட்டன் செல்லு சார். பேச மட்டும்தான் தெரியும்."

"அப்ப ஆபீஸ் மெயிலுக்கு."

"ரிட்டயர் ஆகறவன்னு மத்தியானமே அதை மூடிட்டீங்க."

மேலாளர் யோசித்தார். பழக்கமில்லாத வேலை, நேரம் பிடித்தது. கடைசியில் திடீர் வள்ளலானார்.

"இந்த டேப்லெட்டையே எடுத்துட்டுப் போங்க. வாசல்ல மாட்டியிருந்த பழசுதான், ஓரத்துல விரிசல் வேற. புதுசு வந்தாச்சு. மடல் இதுலயே இருக்கு, ஆபீஸ் சிம்மும் உள்ளேயே கிடக்கு, சார்ஜ் மட்டும் போட்டுக்குங்க."

ஹெட்கிளார்க் மடலுக்காக இப்படி மல்லுக்கட்டியதற்குக் காரணம் அவருடைய சகலை. மனைவியின் அக்கா புருஷனான அந்த மனிதர், தம் வாழ்த்து மடலைத் தங்க நிற ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். அதை அவர் வாசித்துக் காட்டி முடிக்கும்வரை வந்தவர்கள் உட்கார முடியாது. நின்று நின்று கேட்டே ஹெட்கிளார்க்குக்கு அது மனப்பாடமாகியிருந்தது. அந்தக் கடனைத் தீர்க்காமல் என்ன ஓய்வு வேண்டிக்கிடக்கிறது?

வீட்டுக்கு வந்து மாட்டப் பார்த்தால், எந்தச் சுவருக்கும் சார்ஜர் வயர் எட்டவில்லை. எட்டிய ஒரே இடம் வாஷ்பேசினுக்கு மேலே. அங்கிருந்த முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு டேப்லெட்டை மாட்டினார்.

"இனிமே எதைப் பார்த்துத் தலை வாருவீங்க?" என்றாள் மனைவி.

"இதைப் பார்த்துத்தான். என்னைப் பத்தித்தானே எழுதியிருக்கு."

அதன்படியே தினமும் காலையில் குளித்துவிட்டுத் தம் புகழுக்கு நேரே நின்று தலை வாரினார். உடனே டேப்லெட் 'டிங்' என்று ஒலித்து, ஓரத்தில் பச்சையாக மின்னும்.

"பார்த்தியா, இதுக்குக்கூட என் மேல மரியாதை."

"வீட்டுல ஒண்ணாவது மரியாதை தரட்டும்" என்றாள் அவள்.

சகலை ஒரு நாள் மடலைப் பார்க்க வந்தார். அவர் நிமிர்ந்து பார்த்த நேரம் பார்த்து மடல் மறைந்து, 'புதுப்பிக்கப்படுகிறது. காத்திருக்கவும்' என்ற எழுத்து வந்தது. காத்திருந்தார்கள். சாப்பிட்டார்கள். மறுபடியும் காத்திருந்தார்கள். எழுத்து அசையவில்லை.

"காத்திருக்கவும்" என்று நிதானமாக வாசித்தார் சகலை. "ரத்தினச் சுருக்கமா எழுதியிருக்காங்க சகல. என்னுது கொஞ்சம் நீளம்தான். ஆனா பாருங்க, இத்தனை வருஷத்துல அது ஒரு தடவைகூட சார்ஜ் கேட்டதில்ல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் மடல் பளிச்சென்று வந்தது. ஹெட்கிளார்க்குக்கு அழலாம்போல் இருந்தது.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். பென்ஷனும் வரவில்லை. அலுவலகத்துக்கு நடந்தார்.

பென்ஷன் பிரிவுப் பெண் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீங்க இன்னும் வேலையில இருக்கறதா சிஸ்டம் சொல்லுது சார்."

"நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனேம்மா. பூச்செண்டு கொடுத்ததே நீதானே."

"பூச்செண்டு சிஸ்டத்துல ஏறலையே."

"சரி, வேலையில இருக்கேன்னா சம்பளமாவது போடணுமே."

"ரிட்டயர் ஆனவருக்கு எப்படி சார் சம்பளம் போடறது? சம்பளத்துக்கு வேற சிஸ்டம். அதுக்கு நீங்க ரிட்டயர் ஆனது தெரியும்."

ஓய்வுபெற்றதாக அவள் புதிதாகப் பதிந்தாள். மறுநாள் காலையில் அது தானாகவே ரத்தாகிவிட்டது. மறுபடியும் பதிந்தாள், மறுபடியும் ரத்து. விஷயம் மேலாளர்வரை போயிற்று.

"சிஸ்டம் தப்புப் பண்ணாது. நீங்கதான் என்னமோ பண்றீங்க" என்றார் மேலாளர். "ஒரே வழிதான் இருக்கு. சொல்லாம கொள்ளாம வேலைய விட்டு ஓடிட்டதா போட்டுடறேன். அதைத் தாண்டி ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு நாளும் தாமதமாகப் போயறியாத மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். ஒரு காகிதமும் ஒரு கையெழுத்தும் இருந்திருந்தால் முடிந்திருக்கும் காரியம். அதற்கு இந்த மகா மேதாவிகள் அவரை ஓடுகாலியாக்கிவிட்டார்கள். மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல் தலை வாரியபோது டேப்லெட் மட்டும் 'டிங்' என்று மரியாதை செய்தது. அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.

அடுத்த வாரம் வாசலில் அலுவலகக் கார் வந்து நின்றது. டிரைவர் ஒரு கையில் பூச்செண்டும் மறு கையில் ஒரு பொட்டலமுமாக இறங்கினார். கைது செய்யத்தான் ஆள் அனுப்பிவிட்டார்களோ என்று ஹெட்கிளார்க் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"சீக்கிரம் கிளம்புங்க சார். தலைமை அலுவலகத்துலேருந்து பெரிய அதிகாரிங்க வந்திருக்காங்க. இந்த வருஷத்தோட சிறந்த ஊழியர் நீங்கதான். ஞாயித்துக்கிழமைகூட விடாம வேலைக்கு வந்தது நீங்க ஒருத்தர்தானாம். மேனேஜர் உங்களை ஓடிட்டதா போட்டதுக்கு இப்ப அவரை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறாங்க."

பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே புத்தம் புது டேப்லெட். அதில் ஒரு பாராட்டு மடல்.

"இதை மாட்ட பிளக் பாயிண்ட்டுக்கு நான் எங்க போவேன்?" என்றாள் மனைவி.

ஹெட்கிளார்க்குக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எதற்கும் தலையை வாரிக்கொண்டு கிளம்பலாம் என்று வாஷ்பேசினுக்குப் போய் நின்றார். டிங். ஓரத்தில் பச்சை.

டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"அட, வாசல்ல முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போட்டுட்டிருந்த மெஷினாச்சே இது. இது முன்னாடி நின்னு தலை வாருறதை நிறுத்துங்க சார், அன்னிக்குத்தான் நீங்க ரிட்டயர் ஆவீங்க."